ஆயிரம் பொய் சொல்லி ஒரு கணினி

ஓர் இயங்குதளத்துக்கு எந்தக் கணினியையும் நேரடியாகத் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். நீ யார், என்ன மாடல், எத்தனை யூஎஸ்பி, சத்தம் எந்த வழியாக வெளியே போகும்? வருகிற பதிலை வைத்துத்தான் வேலையைத் தொடங்கும். பதில் சரியாக இருந்தால் போதும், சொல்வது யார் என்று எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. ஆப்பிள் செய்யாத கணினியில் மேக் ஓஎஸ்ஸை ஓட்டுவதை ஹாக்கின்டாஷ் என்பார்கள். அந்தச் சமாச்சாரம் மொத்தமும் இந்த இடுக்கு வழியாகத்தான் நுழைகிறது.

நான் இதில் இறங்கியது ஆர்வக்கோளாறால் இல்லை. கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். எங்கள் ஸ்டூடியோவில் எல்லாம் ஃபைனல் கட் ப்ரோ. அப்போது அது மேக்கில் மட்டும்தான் ஓடியது. ஸ்டூடியோவில் இருந்தது இரண்டே மேக். பகலில் அண்ணன்கள் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குக் கிடைத்தது ராத்திரி. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நெருக்கியடிக்கும்போது, பதினோரு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அப்பா வண்டியோடு நின்றிருப்பார். அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. சொன்னது சித்தி. "பொம்பளப் புள்ளைக்கு இப்படி ஒரு வேலை தேவையா?"

வேலையை விடணும், இல்லன்னா வேலையை வீட்டுக்குக் கொண்டுவரணும். புது மேக் என்றால் என் பல மாதச் சம்பளம். வீட்டில் இருந்தது ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு டெஸ்க்டாப், எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5. இது 2021இல்.

அந்த டப்பாவால் முடியும் என்று நம்பியதற்குக் காரணம் ஒரு பழைய அறிவிப்பு. அதுவரை பவர்பிசி சில்லில் ஓடிய மேக், இனி இன்டெல்லுக்கு மாறும் என்று 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்துவிட்டன. அதற்கப்புறம் மேக்குக்கும் சாதாரண பிசிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் பிராசசரில் இல்லை. இருந்தது பூட்டு. ஃபைண்டர், டாக் மாதிரியான சில பகுதிகளை ஆப்பிள் குறியாக்கம் செய்து வைத்தது. எஸ்எம்சி என்கிற சில்லிடமிருந்து சாவி வந்தால்தான் திறக்கும். அதைச் சரிபார்க்கும் நிரல்துண்டின் பெயரே 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதீர்கள்'. உள்ளே, திருடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குட்டிக் கவிதைகூட எழுதிவைத்திருந்தார்கள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஓப்பன்கோர் அந்தக் கல்யாணத் தரகர். கணினியை ஆன் செய்ததும் முதலில் எழுந்து, இயங்குதளத்துக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். "மாப்பிள்ளை யாரு?" என்று மேக் ஓஎஸ் கேட்டால், "ஐமேக் 19,1, நல்ல குடும்பம்" என்று சொல்லும். எஸ்எம்சி எங்கே என்றால், விர்ச்சுவல்எஸ்எம்சி என்கிற இன்னொரு நிரல் எழுந்து நின்று, "நான்தாங்க" என்னும்.

ஆனால் பொய்யை நுணுக்கமாகச் சொல்லணும். மேக் ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்குப் பதினைந்து யூஎஸ்பி போர்ட் வரைதான் ஏற்கும். யூஎஸ்பி 3 துளை ஒன்றையே இரண்டாகக் கணக்குப் போடும். அதனால் ஒவ்வொரு துளையாகப் பென்டிரைவைச் செருகிப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று பட்டியல் போட்டேன். சத்தத்துக்கு ஓர் எண் இருக்கிறது. நம் சவுண்ட் சில்லுக்குப் பொருந்தும் எண் எது என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து பார்க்கணும். நான்காம் நாள் ராத்திரி, டைம்லைனில் கிடந்த ஒரு நாதஸ்வரம் திடீரென்று ஸ்பீக்கரில் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த அம்மா, "யார் வீட்ல கல்யாணம்?" என்றாள்.

அப்பா கேட்டது வேறு. "இது திருட்டாம்மா?"

நேர்மையான கேள்வி. நேராகத்தான் பதில் சொன்னேன். "சாஃப்ட்வேருக்குக் காசு கட்டிட்டேன்ப்பா. ஓஎஸ் இலவசம். ஆனா ஆப்பிள் மெஷின்லதான் போடணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. அதை நான் மீறுறேன்." அமெரிக்காவில் சைஸ்டார் என்ற கம்பெனி 2008இல் இப்படிக் கணினி செய்து கடையே போட்டது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம். விற்பதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் ஒன்றில்லை, ஆனாலும் இரண்டாவதுக்கு அனுமதி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து பத்திரத்தை மீறினேன், எனக்குத் தெரிந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, கரண்ட் போனா என்ன ஆகும்?" என்று கேட்டார். மறுவாரம் ஒரு யூபிஎஸ் வாங்கி வந்தார்.

அந்த வருஷம் நான் முடித்த படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணினியில் முடித்தவை. சித்தி மகளின் கல்யாணமும் அதில் ஒன்று. தாலி கட்டும் ஷாட்டைச் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்தே நாலு தரம் பார்த்தாள். வேலையைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

இந்தத் தரகு இனி நீளாது. 2020 நவம்பரில் எம்1 வந்தபோதே அது முடிவாகிவிட்டது. ஆப்பிள் தானே வடிவமைத்த சில்லு அது, ரிச்சி தெருவில் தேடினாலும் தனியாகக் கிடைக்காது. இல்லாத சில்லுக்காக யார் பதில் சொல்வது? 2025 ஜூனில், மேக் ஓஎஸ் டஹோதான் இன்டெல்லுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்தார்கள். என் 'ஐமேக் 19,1' அந்தக் கடைசிப் பந்தியிலும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் போக்குவரத்து இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. ஆப்பிளின் எம் வரிசை மேக்குகளில் லினக்ஸை ஓட்டவைக்க அசாஹி லினக்ஸ் குழு அதே வேலையைச் செய்கிறது. அதாவது, இரும்பு என்ன பேசுகிறது என்று காதை வைத்துக் கேட்டு, கேட்டதை எழுதிவைப்பது.

ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போன மாசம் கேட்டாள், "அக்கா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?" வேண்டாம் என்றேன். செகண்ட்ஹேண்டில் ஓர் எம்1 மேக் மினி பார்த்து வாங்கு, நாலு ராத்திரி மிச்சம் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்தான். இரண்டு பேருமாகச் சனிக்கிழமை போய் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம்.

என் டப்பா ஓடுகிறது. தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டேன். மானிட்டர் ஓரத்தில் அப்பா கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது: 'யாரும் அப்டேட் கொடுக்கக் கூடாது'. ஆவணிக்கு ஏழு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.