வேடமும் முகமும்

வேடம் என்றவுடன் பொய் என்று பொருள் கொள்வது இந்நாளைய வழக்கமாகிவிட்டது. ‘வேடதாரி’ என்பது இன்று வசைச்சொல். ஆயின் நம் முன்னோர்க்கு வேடம் பொய்யன்று. ஒருவனைப் பழைய நிலையினின்று எடுத்துப் புதிய நிலையில் நிறுத்தும் வாயில் அது.

கடல் கடந்தும் இவ்வுண்மை விளங்குகிறது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் தென்மேற்கே, குவாங்கோ ஆற்றுப் பகுதியில் யாக்கா என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மரபின்படி சிறுவர்கள் விருத்தசேதனம் செய்யப்பெற்று, ஊருக்குப் புறத்தே குடிலில் தங்கி, ஆடலும் பாடலும் குடிமரபும் கற்பர். நோன்பு முடிந்ததும், மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டி நார்க்கற்றை சூட்டிய முகமூடிகள் ஊர்நடுவே ஆடும். மேல்நோக்கி வளைந்த மூக்கு அவற்றின் தனி அடையாளம். சிறுவனாய்ச் சென்றவன் ஆடவனாய் மீண்டான் என்று ஊரறியச் செய்வது அவ்வாட்டமே.

இச்செய்தியைப் படித்தபோது நம் நெஞ்சம் கோலார் தங்க வயலின் கூத்துக் களத்தையே நாடியது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்தனர். மூட்டை முடிச்சுகளோடு பாரதக் கூத்தும் வந்தது.

மேலட்டூர்ப் பாகவத மேளாவில் நரசிம்மர்க்கு முகமூடி உண்டு. வழிபாட்டில் உள்ள அதனை நோன்பிருந்தே அணிவர். நம் தெருக்கூத்திலோ பெரும்பாலும் முகமே முகமூடி. அரிதாரம் பூசி, கல்யாண முருங்கை மரத்தில் செய்த மகுடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூண்டவன், இருவர் பிடித்த திரைக்குப் பின் வந்து நிற்பான். கட்டியங்காரன் வினவுவான், அவனோ தன் பெயரையும் பெருமையையும் தானே உரைத்து வெளிப்படுவான். துகிலுரியும் துச்சாதனன்கூடச் சேலையைத் தொடுமுன் திரௌபதியை வணங்கிப் பொறுத்தருள வேண்டுவான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பகலெல்லாம் அந்த இருளில், பதிவேட்டில் ஓர் எண்ணாக மட்டும் இருந்தவன், அன்றிரவு துரியோதனன்! “யார் நீ?” என்று அவனை மதித்துக் கேட்ட இடம் அக்களம் ஒன்றே. நம் தந்தையாரும் அவ்வாறு நின்றவர். அவர் தோளின் கட்டையைத் தொட்டுப் பார்த்த அந்நாளில்தான், நாம் எக்குடியினர் என்பது நமக்கு விளங்கிற்று. நாம் பெற்ற தீட்சை அதுவே.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நம்மைப் போன்றோர் அலுவலகக் கோப்புகளுக்குள் புகுந்தோம். இளைஞர் பலர் விடியுமுன் பெங்களூர் இரயிலேறுகின்றனர். கன்னடமும் ஆங்கிலமும் கற்கும் நம் மகன், “கட்டியங்காரன் என்பவர் யார், அப்பா?” என்று அண்மையில் வினவினான். சொல்லால் விடை கூறினோம். அது போதவில்லை.

யாக்கா மக்கள் பழைய முகமூடிகளைப் பெரும்பாலும் காத்து வைப்பதில்லை. அடுத்து வரும் சிறுவர்க்குப் புதியன செதுக்குவர். அவர்கள் காப்பது மரத்தையன்று, வழக்கத்தை. மகுடத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவதைவிட, கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு வேடமேனும் கட்டக் கற்பிப்பது மேல். சங்கத்துப் பெரியோர் மனங்கொள்வராயின், முதற் சிறுவனாக நம் மகனை அனுப்பக் காத்திருக்கிறோம்.