கேசட் வேட்டைக்காரர்களின் தெரு

டோக்கியோ ஸ்டேஷனில் யமனோத்தே ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் அகிஹபாரா. 'எலெக்ட்ரிக் டவுன்' என்று எழுதிய வாசல் வழியாக வெளியே வந்தால் சென்னை ரிச்சி தெருவையும் டெல்லி நேரு பிளேஸையும் மும்பை லாமிங்டன் ரோட்டையும் ஒன்றாகக் கட்டி நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு காட்சி. கடைகள் தெருவோடு நின்றுவிடுவதில்லை. நிலவறையில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று, ஏழாம் மாடியில் ஒன்று என்று மேலும் கீழுமாக விரிகின்றன. ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படியில் இறங்குகிறவருக்காக ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படி ஒட்டி நிற்பவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். தேடி வந்திருப்பது தங்கள் பத்து வயதில் விளையாடிய வீடியோ கேம்களை.

இந்தப் பேட்டை உருவானதே ஒரு தீ விபத்தால். 1869-இல் இங்கே பெரும் தீ. எரிந்த இடத்தை வெட்டவெளியாக விட்டு, இன்னொரு தீ வராமலிருக்க ஒரு கோயிலும் கட்டினார்கள். நெருப்பிலிருந்து காக்கும் 'அகிபா' தெய்வம் அங்கே இருப்பதாக ஜனங்கள் எடுத்துக்கொண்டதில் வந்த பெயர் அகிஹபாரா. 1890-இல் சரக்கு ரயில் நிலையம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரேடியோ உதிரிபாகங்கள் விற்கும் தெருக்கடைகள் பெருகின. 1949-இல் நடைபாதைக் கடைகளை அகற்ற உத்தரவு போட்டதும் அவை ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டன. வால்வும் மின்தடையும் விற்கும் குட்டிக் கடைகளை அந்தப் பாலத்தடியில் பிற்பாடும் பார்க்க முடிந்தது. ரேடியோவுக்குப் பிறகு வாஷிங் மெஷின், அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் வீடியோ கேம். தெரு காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்டே வந்தது. பழைய சரக்கே ஒரு வியாபாரமாகும் என்று கண்டுபிடித்ததுதான் கடைசித் திருப்பம்.

கதையின் நாயகன் சிவப்பும் வெள்ளையுமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கியோட்டோவில் 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த நின்டெண்டோ கம்பெனி, 1983 ஜூலை 15-இல் 14,800 யென் விலையில் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. ஜப்பானியர்களின் வாயில் அது 'ஃபாமிகாம்'. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தின் கருவிகள் 6 கோடியே 19 லட்சம் விற்றன. 2003-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2007-இல் ரிப்பேரையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபாமிகாம் வைத்திருப்பவர் தானே டாக்டர், தானே நர்ஸ்.

இந்தியாவில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் டெல்லி பாலிகா பஜாரிலும் சென்னை பர்மா பஜாரிலும் தொண்ணூறுகளில் விற்ற 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பகுதி இதன் அச்சு அசலான நகல்தான். 'கேசட்' என்ற சொல்லைப் பாருங்கள். அமெரிக்கர்கள் வேறு பெயர் சொல்ல, நம் பிள்ளைகள் கேசட் என்றார்கள். ஜப்பானியப் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாய்க்கருகே வைத்து ஊதிவிட்டுச் சொருகும் வைத்தியமும் இரண்டு நாட்டுக்கும் பொது. (ஊதுவதால் பலன் கிடையாது, எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரித்துவிடும் என்பது பின்னால் தெரிந்த சமாச்சாரம்.)

அகிஹபாராவில் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது 'சூப்பர் பொட்டேட்டோ'வை. பிரதான சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு கட்டடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் மாடிகளில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தரையிலிருந்து கூரை வரை கேசட்டுகள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகில் விலைச் சீட்டு ஒட்டி, நூலகத்துப் புத்தகம் போல அடுக்கியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து டிவிகளில் நாலைந்து விளையாட்டுகளின் பாட்டு. ஐந்தாம் மாடியில் பழைய ஆர்கேட் மெஷின்கள். காசு போட்டு விளையாடலாம், பக்கத்திலேயே அந்தக் காலத்து மிட்டாய்களும் விற்பனைக்கு உண்டு.

விலைச் சீட்டைப் படிக்கத் தனி அகராதி வேண்டும். அட்டைப்பெட்டி, விளக்கப் புத்தகம் எதுவும் இல்லாமல் கேசட் மட்டும் என்றால் அதற்குப் பெயர் 'ஹதகா', அதாவது நிர்வாணம். பெட்டியும் புத்தகமும் சேர்ந்தால் விலை பல மடங்கு. காரணம், ஜப்பானியப் பெட்டிகள் மெல்லிய அட்டையால் ஆனவை. பிரித்த அன்றே அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். 'ஜங்க்' என்று எழுதியிருந்தால் ஓடினாலும் ஓடும், ஓடாவிட்டால் திருப்பித் தர முடியாது. 'ஹார்ட் ஆஃப்' என்ற பழைய சாமான் கடைகளில் இந்த ஜங்க் சரக்கு நீலக் கூடைகளில் குவிந்து கிடக்கும். தரையில் குந்தி, கூடையைக் கிளறி, ஒவ்வொன்றாகப் புரட்டும் சுகத்துக்காகவே ரயிலேறிப் புறநகர்க் கடைகளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கேசட் விலை போகும் என்பதில் ஒரு விசித்திரம். 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உலகப் புகழ் பெற்றது. 4 கோடி விற்றதால் நிர்வாணக் கேசட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. 1992-இல் வந்த 'கிம்மிக்' கதை வேறு. அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பரிலேயே வந்துவிட்டதால் கிம்மிக்கை அன்றைக்கு வாங்க ஆளில்லை. சில பேரே வாங்கியதால் இன்றைக்கு அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டுக்குள் இருக்க வேண்டிய சரக்கு. சந்தையில் தோற்றதுதான் சேகரிப்பவர்களிடம் ஜெயிக்கிறது. 2023-இல் கிம்மிக்கைப் புதுக் கருவிகளுக்கு மறுபடி வெளியிட்டார்கள். அதற்காகப் பழைய கேசட்டைத் தேடுபவர்கள் யாரும் தேடலை விட்டுவிடவில்லை.

இப்படிப் பழைய விளையாட்டுகளை விற்பதற்கே ஒரு காலத்தில் ஆபத்து வந்தது. பழைய கேசட் விற்றால் புதுசு விற்காது, ஆகவே பதிப்புரிமைப்படி அது குற்றம் என்று தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2002 ஏப்ரல் 25-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், ஒருமுறை விற்ற பிறகு அந்தப் பிரதியின் மறுவிற்பனையைத் தயாரிப்பாளர் தடுக்க முடியாது என்று தீர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் அகிஹபாராவின் பாதி மாடிகள் இன்றைக்குக் காலியாக இருக்கும்.

கேசட்டின் முதுகில் சில சமயம் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருக்கும். இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே என்று ஏதோ ஒரு பையனோ பெண்ணோ எழுதியது. 'பெயர் உள்ளது' என்று சீட்டில் குறிப்பிட்டு, கடையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். சுத்தம் பார்க்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் ஜப்பானிய கேம் படைப்பாளி ஒருவர் பெயரெழுதிய கேசட்டுகளை மட்டுமே தேடித் தேடி வாங்குகிறார். விற்பதற்காக அல்ல. பெயருக்கு உரியவர் வந்து அடையாளம் சொன்னால் திருப்பிக் கொடுக்க. அவர் அதற்கு 'பெயரெழுதிய கேசட் மியூசியம்' என்று பெயர் வைத்திருக்கிறார். இந்தத் துறையில் பணக் கணக்குக்குள் அடங்காத காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஆசைப்பட்டு வாங்கிய பிறகுதான் தலைவலி ஆரம்பம்.

முதல் எதிரி பேட்டரி. 1988 பிப்ரவரியில் 'டிராகன் குவெஸ்ட் 3' வெளிவந்த நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்து அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளையாட்டில் ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கேசட்டுக்குள்ளேயே சேமித்து வைக்கலாம். சேமிப்பைக் காப்பது உள்ளே சால்டர் செய்த ஒரு காசளவு பேட்டரி. அது தீர்ந்தால் சேமித்ததும் போச்சு. யாரோ ஒரு பிள்ளை முப்பது வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட ஆட்டம் பல கேசட்டுகளில் உயிரோடு இருந்து, ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கிறது. பேட்டரியை மாற்றுவது கஷ்டமில்லை. மாற்றும் அந்த நிமிஷம் மின்சாரம் நின்றால் பழைய ஆட்டம் அழிந்துவிடும் என்பதுதான் சங்கடம். சிலர் கேசட்டை இயக்கத்தில் வைத்துக்கொண்டே கை நடுங்க மாற்றுகிறார்கள்.

அடுத்தது 1986-இல் வந்த டிஸ்க் சிஸ்டம். கடையில் இருந்த மெஷினில் 500 யென் கொடுத்துப் பழைய விளையாட்டை அழித்துப் புதியதை ஏற்றிக்கொள்ளலாம் என்ற அருமையான ஏற்பாடு. 2003-இல் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். கருவிக்குள் சுழலும் ரப்பர் பெல்ட்டோ காலப்போக்கில் இளகித் தார் போல ஒட்டிக்கொள்ளும். வாங்கியவர் முதலில் செய்வது மூடியைக் கழற்றிப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து அந்தத் தாரை வழிப்பது. சேகாவின் கையடக்கமான 'கேம் கியர்' என்றால் கபாசிட்டர் கசிந்து சர்க்யூட் போர்டையே தின்றிருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் எல்லாம் மஞ்சளாகிவிடும். தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனத்தின் மேல் புற ஊதாக் கதிர் படுவதை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். தலைமுடிக்கு நிறம் நீக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். சில வருஷம் கழித்து மறுபடி மஞ்சளானாலும் ஆச்சரியமில்லை.

போலிகள் தனி உபாதை. முக்கியமாகக் கேம் பாய் கருவிக்கான போகிமான் கேசட்டுகள். லேபிள், நிறம், எழுத்து எல்லாம் அசல் போலவே இருக்கும். திருப்புளியால் திறந்து உள்ளே இருக்கும் போர்டைப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். கடைக்கு முன்னால் நின்று அப்படித் திறக்க முடியாது என்பதால் நம்பிக்கையான கடைக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

விலை ஏற்றத்தைப் பற்றிப் பேசினால் சேகரிப்பவர்களின் முகம் வாடும். 2021 ஜூலையில் அமெரிக்காவில் சீல் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிரிக்காத பெட்டி. அதாவது யாருமே விளையாடாத, இனியும் விளையாடப்போகாத கேம். அந்த ஏலச் செய்திகளுக்குப் பிறகு, வீட்டு அலமாரியில் கிடந்த சாதாரணக் கேசட்டைக்கூடப் பங்குப் பத்திரம் போலப் பார்க்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஜப்பானிலோ யென் வீழ்ச்சி. 2024-இல் ஒரு டாலருக்கு 160 யென் என்ற அளவையும் தாண்டியது. அந்த ஒரே வருஷத்தில் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டினர் ஜப்பானுக்கு வந்தார்கள். காலிப் பெட்டியோடு வந்து கேசட்டுகளை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் அவர்களில் உண்டு. ஃபாமிகாம் கேசட் புதிதாக உற்பத்தியாவதில்லை. விமானம் ஏறியது பெரும்பாலும் திரும்பி வராது. சொந்த ஊர்த் தெருவில் சொந்தக் குழந்தைப் பருவத்தை வாங்க முடியாத ஜப்பானியர் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். சட்டப்படி கிடைப்பது கொஞ்சமே. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதத்தைக் கடையில் வாங்க வழியில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது. அதே வருஷம் மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீயூ கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது. அந்தக் கடையில் மட்டுமே விற்ற விளையாட்டுகளுக்கு நீலக் கூடையும் கிடையாது, கண்ணாடி அலமாரியும் கிடையாது. டோக்கியோவில் 2011-இல் தொடங்கிய 'கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி' என்ற லாபநோக்கற்ற அமைப்பு, பழைய ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றில் இருப்பதைப் பிரதியெடுக்கப் போராடுகிறது. மூட்டை கட்டி மறைத்து வைக்கும் சேகரிப்பாளரின் உதவி இல்லாமல் இந்த வேலையும் நடக்காது. எது கடைசிப் பிரதி என்று அவருக்குத்தான் தெரியும்.

விளையாடி முடித்துக் கீழே இறங்கினால் தெருவில் வேறொரு காலியிடம். 'சேகா' என்று எரிந்த ஆர்கேட் கட்டடம் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. மற்ற சேகா ஆர்கேடுகளும் கை மாறி வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டன.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பணப்பையைத் திறப்பதற்கு முன் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். அங்கே வாங்கிய அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான் மிஞ்சும். 1993-க்கு முந்தைய ஃபாமிகாம் டிவியின் ஆன்டெனா வழியாகப் படம் அனுப்புவது. ஜப்பானிய சேனல்களின் அலைவரிசை வேறு என்பதால் நம் ஊர் டிவியில் தேடினால் பெரும்பாலும் சிக்காது. துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டை ஆசையாக வாங்கினால் அதற்குப் பழைய குண்டு டிவியே வேண்டும். தட்டையான புது டிவியில் துப்பாக்கிக்கு வாத்து தெரியாது. பாலிகா பஜார் கேசட் யாரிடமாவது மிச்சமிருந்தால் அதை எடுத்துப்போகலாம். அதே 60 பின் அமைப்பு, ஃபாமிகாமில் கச்சிதமாக உட்காரும்.

உட்கார்ந்த பிறகு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். நம் ஊர் நகல் பெட்டிகள் பொதுவாக நம் டிவி முறைக்கேற்ப வினாடிக்கு 50 படங்கள் காட்டின. ஜப்பானிய அசல் காட்டுவது 60. தொண்ணூறுகளில் இந்தியப் பிள்ளைகள் கண்ட மரியோ அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவன், அவனுடைய பாட்டும் அப்படியே. சூப்பர் பொட்டேட்டோவின் டிவிக்கு முன்னால் அதே மரியோ அவசர வேலை இருப்பவன் மாதிரி ஓடுகிறான். இருபது வருஷம் மறக்காமலிருந்த விரல் பழைய கணக்கில் பட்டனை அழுத்துகிறது. அதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது.