கூரையில்லா வகுப்பறை

கல்வி என்னும் சொல்லைக் 'கல்' என்னும் வேரோடு இயைத்துக் காண்பர் மொழிநூலார். கல்லுதல் என்பதற்குத் தோண்டுதல் என்பதும் பொருள். தோண்டுகிறவன் கையில் மண் ஒட்டாமல் இராது. ஆயின், நம் வகுப்பறைகளில் பயிலும் மாணவர் கையில் ஒட்டுவது பெரும்பாலும் பேனா மையே. அதுவும் தேர்வு முடிந்த மறுநாள் கழுவப்பட்டுவிடுகிறது. மாணவரைக் கூரையின் கீழிருந்து வெளியே அழைத்துச் சென்று, நிலத்தையும் நீரையும் வானையும் நேரே காணச் செய்து, சிறிது உடல் வருத்தத்தையும் ஏற்கச் செய்யும் முகாம் கல்வியைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம். தமிழ்த்துறை மலரில் அறிவியல் முகாமுக்கு என்ன வேலை என வினவுவோர் உளராயின், அவர்கள் இக்கட்டுரையை முழுதும் படித்தருள வேண்டுகிறோம்.

பாசறையிலிருந்து பள்ளிக்கு

முகாமைக் கல்விக் கருவியாக்கிய முயற்சிகள் பல. 1907 ஆம் ஆண்டு பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர் சிலரைத் திரட்டி நடத்திய முகாமே சாரணர் இயக்கத்திற்கு வித்தாயிற்று. 1941 இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, கர்ட் ஹான் என்னும் கல்வியாளர் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் 'அவுட்வர்டு பவுண்டு' என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கப்பல் மூழ்கும் வேளையில் உடல்வலி மிக்க இளைய மாலுமிகளைக் காட்டிலும் அனுபவம் முதிர்ந்த மாலுமிகளே மிகுதியாக உயிர் பிழைக்கின்றனர் என்னும் கவலையே அப்பள்ளிக்குக் காரணம் என்பர். தசை வலிமை மட்டும் போதாது, இடர் வந்துற்றபோது கலங்காத உள்ளமும் பயிற்சியால் வருவதே என்பது அவர்தம் கொள்கை. நம் நாட்டில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969 இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டமும் முகாமையே தன் உயிர்நாடியாகக் கொண்டது.

இவ்வரலாறெல்லாம் நாம் ஏட்டில் படித்தவையே. 2023 ஜனவரித் திங்களில் தமிழ், இயற்பியல், விலங்கியல் ஆகிய மூன்று துறை மாணவரோடு கோடிக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் மூன்று நாள் முகாம் சென்றபோதுதான் அவற்றின் பொருள் நமக்கு விளங்கலாயிற்று.

ஒரு தந்தையின் கேள்வி

முகாம் அறிவிப்பு வந்த மறுநாளே மாணவி ஒருவரின் தந்தை நம்மைத் தேடி வந்தார். "பொம்பளப் புள்ளைகளக் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிட்டுப் போயி என்ன சார் பாடம் நடத்தப் போறீங்க? புத்தகத்துல இல்லாததா?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. பெண்மக்களைப் பெற்ற நமக்கு அவ்வச்சம் புரியாததன்று. அதனை ஏளனம் செய்வதும் முறையன்று. பேராசிரியைகள் இருவர் உடன் வருவர், மாணவியர்க்குத் தனி இல்லம் ஏற்பாடு செய்துள்ளோம் என விளக்கினோம். அவர் அமைதியுறவில்லை. இறுதியில், "உங்கள் வீட்டம்மாவும் உடன் வரட்டுமே" என்றோம். சிறிது நேரம் எண்ணியிருந்துவிட்டு இசைந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவ்வம்மையார், மகளுக்குக் காவலாக நம்முடன் புறப்பட்டார்.

முல்லையும் நெய்தலும்

வங்கக் கடலோரமாய்த் தெற்கு நோக்கி வரும் கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 1967 இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இப்பகுதி, 2002 இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது.

ஐந்திணைப் பாடத்தை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் கட்டம் கட்டமாகவே எழுதிக் காட்டுகிறோம். முல்லைக்கு ஒரு கட்டம், நெய்தலுக்கு ஒரு கட்டம். முறுக்கிய கொம்புடைய இரலையை முல்லைக் கட்டத்தில் எழுதுவோம். கோடிக்கரைப் புல்வெளியில் விடியற்காலை நாம் கண்ட காட்சி அக்கட்டங்களை அழித்துவிட்டது. கருமை படர்ந்த முதுகும் திருகிய கொம்புமாய் வெளிமான் ஏறு ஒன்று நின்றது. சங்கப் புலவர் இரலை என்றது இதனையே என்பர் அறிஞர். அதன் பின்னே கேட்டதோ கடலின் ஓசை! முல்லையின் மான் நெய்தலின் காற்றை முகர்ந்து நின்றது. "ஐயா, இதுதான் திணை மயக்கமா?" என்றான் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன். தொல்காப்பியர் திணைகள் தம்முள் மயங்குவதை ஏன் விலக்கவில்லை என்பதற்கு அதுவரை நாம் உரையாசிரியர்களையே சான்று காட்டி வந்தோம். அன்று மானே சான்று காட்டிற்று.

விலங்கியல் பேராசிரியர் அப்புல்வெளியின் துன்பத்தையும் விளக்கினார். சீமைக் கருவேலம் புகுந்து புல் நிலத்தைச் சுருக்குகிறது. மானுக்குரிய மேய்ச்சலில் திரிந்து வாழும் மட்டக் குதிரைகளும் பங்கு கொள்கின்றன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் சாய்த்த மரங்களின் அடையாளங்களையும் ஆங்காங்கே கண்டோம். 'பல்லுயிர்ச் சூழல்' என்னும் சொல் மாணவர்க்கு அன்று வினாத்தாளின் சொல்லாக இருக்கவில்லை.

சதுப்பில் தொலைவே வெளிறிய செந்நிறக் கோடு ஒன்று நீரின்மேல் கிடந்தது. தொலைநோக்கி வழியே நோக்கியபோது அக்கோடு பூநாரைகளின் கூட்டமாயிற்று. அப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி உண்கிறது. அதன் செந்நிறம் பிறப்பில் வந்ததன்று. பாசிகளும் நுண்ணிய இறால் வகைகளும் தரும் நிறமிகளால் வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறமே. உண்பதே நிறமாகிறது என்றறிந்த மாணவியர் சிலர் தம் குறிப்பேட்டில் கவிதை எழுதத் தொடங்கிவிட்டனர். நாம் தடுக்கவில்லை.

நிழல் சொன்ன நேரம்

நண்பகலில் இயற்பியல் பேராசிரியர் ஒரு மீட்டர் நீளக் கோலை மணலில் செங்குத்தாக நட்டு, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியில் கிளிஞ்சல் வைக்கச் செய்தார். நிழல் மிகக் குறுகியது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஏறத்தாழ 12 மணி 20 நிமிடத்திற்கு. ஏன்? நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு ஓடுகிறது. கோடிக்கரை அதற்கு மேற்கே ஏறத்தாழ 80 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகப் பத்து நிமிடத்திற்கு மேல் தாமதம். எஞ்சிய தாமதம் புவி ஞாயிற்றைச் சுற்றும் பாதையாலும் அதன் அச்சின் சாய்வாலும் வருவது.

அந்நேர நிழல் 60 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. உடனே மாணவரிடையே இனியதொரு வழக்கு எழுந்தது. அஸர் தொழுகைக்குரிய நேரம், நண்பகல் நிழலோடு பொருளின் நீளம் ஒரு மடங்கு சேரும்போது தொடங்குகிறது என்பது ஷாஃபி வழியினர் கொள்கை. இரு மடங்கு சேரும்போது என்பது ஹனஃபி வழியினர் பின்பற்றும் கணக்கு. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் 160 சென்டிமீட்டரில் ஒரு கிளிஞ்சலும், உள்நாட்டு ஊர்ப் பிள்ளைகள் 260 சென்டிமீட்டரில் ஒரு கிளிஞ்சலும் வைத்துக் காத்திருந்தனர். பிற சமய மாணவரும் அளவுகோலோடு உடனிருந்து கணித்தனர். சுவரில் தொங்கும் கால அட்டவணையின் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர்கள் முதன்முறையாக மணலில் கண்டனர். காவலுக்கு வந்த அம்மையார் வியந்து, "எங்க ராத்தா காலத்துல வீட்டு முற்றத்துல நிழலப் பாத்துத்தான் அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்கன்னு சொல்லுவாங்க. அது கணக்குப் பாடம்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

வடமீனும் ஒரு முட்டிக் கையும்

இரவு கடற்கரையில் வானம் பார்த்தோம். துருவ மீன் தொடுவானத்திற்கு எத்தனை பாகை மேலே நிற்கிறதோ, அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை. கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. கோடிக்கரையின் அட்சரேகையும் பத்துப் பாகையை ஒட்டியதே. ஒவ்வொரு மாணவரும் கை நீட்டி, வடதிசையில் ஒரு முட்டி உயரத்தில் மங்கலாக ஒளிர்ந்த அம்மீனைக் கண்டு ஆரவாரித்தனர். அரபு மாலுமிகள் இதே கணக்கைக் 'கமால்' என்னும் சிறு பலகையாலும் முடிச்சிட்ட கயிற்றாலும் செய்தனர். உயரத்தை விரல் அளவையால் குறித்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் கடலோடியான இப்னு மாஜித் இக்கலையை நூலாகவே எழுதி வைத்தார். கிழக்குவானில் நாம் ரோகிணி என்னும் மீனை மேலைநாட்டார் அல்டெபரான் என்பர். அது 'பின்தொடர்வது' என்னும் பொருளுடைய அரபுச் சொல். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வதால் அப்பெயர் பெற்றது.

அப்போதுதான், மூன்று பாடங்களில் தேர்ச்சி பெறாது, வகுப்பில் வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவன் பேசத் தொடங்கினான். அவன் மீனவக் குடும்பத்தவன். படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையோடு தொழிலுக்கே போய்விடும் எண்ணத்தில் இருந்தான் என்பதை முன்பே அறிவோம். காற்று எத்திசையினின்று வீசுகிறது என்று நாம் பொதுவாக வினவ, அவன் முகத்தைச் சற்றே திருப்பி, "வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவுல அடிக்குது ஐயா" என்றான். வாடை, கொண்டல், தென்றல், கோடை என நாம் நிகண்டு முறையில் கற்பிப்பவற்றுள் முதலிரண்டும் அவன் நாவில் அப்படியே வாழ்ந்தன. தென்றலுக்கு அவன் சொல் சோழகம். மேல்காற்றுக்குக் கச்சான். எக்காற்றில் எம்மீன் கரை அணையும், எக்காற்றில் வலை வீசலாகாது என அரைமணி நேரம் அவன் உரைத்ததை மூன்று துறைப் பேராசிரியர்களும் மணலில் அமர்ந்து குறிப்பெடுத்தோம். தேர்வுத்தாள் கேளாத அறிவு அவனிடம் நிறைந்திருந்தது. கேட்பதற்கு ஒரு கடற்கரை வேண்டியிருந்தது.

அவன் படிப்பை நிறுத்தவில்லை. மீனவர் வழக்கில் காற்றுப் பெயர்கள் என்பதையே தன் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையாக எழுதினான். நிலுவைத் தாள்களையும் ஒவ்வொன்றாக முடித்தான்.

சேற்றில் நடத்தல்

மூன்றாம் நாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிற்குப் படகில் சென்றோம். அனைவரும் மிதவை உடை அணிந்த பின்னரே படகு நகர்ந்தது. நீச்சல் தெரியும் என மறுத்த இளைஞர் இருவரையும் படகோட்டி, "தெரிஞ்சவனத்தான் தம்பி கடல் முதல்ல கூப்பிடும்" என்று கூறி அணியச் செய்தார். அலையாத்தி மரங்களைச் சுற்றி எழுதுகோல் நட்டாற்போல் மூச்சு வேர்கள் சேற்றினின்று நிமிர்ந்து நிற்கின்றன. காற்றில்லாச் சேற்றில் வேர் மூச்சு விடும் வழி அது. இலையைத் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

முழங்காலளவு சேற்றில் நூறடி நடப்பது அன்றைய பயிற்சி. வலிமையோடு விரைந்தவர் புதைந்தனர். ஒருவர் தோளை ஒருவர் பற்றி, பாதத்தைச் சாய்த்து மெல்ல எடுத்தவரே கரையேறினர். முதலில் கரையேறிய குழு, வர இசைவு பெறாதிருந்த அம்மாணவி முன்னின்ற குழு. கரையில் நின்ற அவர் தாயார் உவர்நிலத்துச் செடி ஒன்றைக் கிள்ளிக் காட்டி, "இது உமரிக் கீரை. பஞ்சத்துல எங்க வீட்டுல ஆக்கித் தின்னிருக்காங்க. உப்புப் போட வேணாம்" என்றார். விலங்கியல் பேராசிரியர் அதனைத் தாவரவியல் துறைக்கென எடுத்து வைத்துக்கொண்டார்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

இத்தகு முகாம்கள் வீண் செலவு என்றும், பெண்மக்களுக்கு ஏலாதவை என்றும் கருதுவோர் இன்றும் உளர். உல்லாசப் பயணம் வேறு, முகாம் வேறு. முன்னர்ப் பயிற்சியும் பின்னர்க் கட்டுரையும் இல்லாத முகாமை நாமும் விரும்பவில்லை. வனத்துறை இசைவு, நிலமறிந்த வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி, வானிலைச் செய்தி, மகளிர்க்குத் தனித் தங்குமிடம் ஆகிய ஐந்தும் அமையாவிடத்து முகாமைத் தள்ளி வைப்பதே அறிவுடைமை. இவை அமைந்தபின் அச்சத்தைக் காரணம் காட்டிக் கதவடைத்தல் நம் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியாகும். கடலோரத்தில் வாழும் நாம் 2004 இல் ஆழிப் பேரலையைக் கண்டோம், 2018 இல் புயலைக் கண்டோம். கடலையும் காற்றையும் அறியாதிருத்தல் எவரையும் காப்பதில்லை.

கட்டணம் செலுத்த இயலாமையால் ஒருவரும் பின்தங்கலாகாது. ஊர்ப் பெருமக்கள் ஆண்டுக்கு நான்கைந்து மாணவரின் செலவை ஏற்பராயின், காற்றின் பெயரறிந்த இன்னும் எத்தனையோ வாய்கள் திறக்கும். மற்றொரு வேண்டுகோளையும் நிருவாகத்தார் முன் வைக்கிறோம். இனி நிகழும் ஒவ்வொரு முகாமிலும் இரண்டு தாய்மார்க்கு இடம் ஒதுக்குதல் வேண்டும். காவலுக்காக அன்று, அவர்களும் கற்பதற்கும், நமக்குக் கற்பிப்பதற்கும்.