இரண்டு வீட்டுக்காரன்

சென்னை எழும்பூரிலிருந்து திருச்செந்தூர் செல்லும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்தால், எதிர் இருக்கைக்காரரோடு பேச்சுத் தொடங்குவதற்குச் செங்கல்பட்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாம்பரம் தாண்டுவதற்குள் ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை என்பனவெல்லாம் விசாரிக்கப்பட்டுவிடும். அண்மையில் நான் ஊர் சென்றபோது எதிரே அமர்ந்திருந்தவர் நாசரேத்துக்காரர். பணி ஓய்வு பெற்றவர். எதையும் முழுமையாக அறிந்துகொள்ளாமல் உறங்குவதில்லை என்ற வைராக்கியம் உடையவர்.

"பாய், எதுவரைக்கும்?"

"காயல்பட்டினம்."

"சொந்த ஊரா?"

"ஆமாம்."

"சொந்த வீடா?"

முதல் இரு வினாக்களுக்குத் தயங்காது விடையளித்த நான், மூன்றாவதில் இடறினேன். மண்ணடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 1994ஆம் ஆண்டு முதல் கணக்கு எழுதி வருபவன் நான். பற்றுக்கும் வரவுக்கும் பத்துப் பைசா வேறுபட்டாலும் இரவு உறக்கம் கெடுகிற வழக்கமுடையவன். அத்தகையவனுக்குத் தன் சொந்தக் கணக்கில் 'வீடு' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

"இரண்டு வீடு இருக்கிறது. ஆனால் சொந்த வீடு இல்லை" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் பெட்டியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டார். 'இரண்டு வீடு' என்ற சொல்லைத் தமிழில் வேறொரு பொருளிலும் வழங்குவார்கள் என்பது விழுப்புரம் வந்த பிறகே எனக்கு உறைத்தது. அதன்பின் மாயவரம் வரை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பெட்டியோடு வந்தவன்

எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்குரியது. மகளுக்கு மணமுடிக்கும்போது பெற்றோர் அவளுக்கென ஒரு வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ கொடுக்கின்றனர். மணமகன் தன் பெட்டியோடு அங்கே வந்து குடியேறுகின்றான். கீழக்கரையிலும், கடல் கடந்து இலங்கையின் காத்தான்குடியிலும் இதையொத்த வழக்கம் உண்டு. கொழும்பு, ஹாங்காங், கொல்கத்தா என்று ஆண்கள் வியாபாரத்தின் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாக வெளியூர்களில் வாழ்ந்த பட்டினமாதலால், வீடும் தெருவும் பெண்களின் பொறுப்பில் நின்றன என்று பெரியவர்கள் காரணம் கூறுவர்.

வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் கண்டு எழுதிய 'காயல்' துறைமுகம் எங்கள் ஊரா, அல்லது தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலா என்று ஆராய்ச்சியாளர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. எது காயல் என்று ஊருக்கே ஒரு வழக்கு இருக்கும்போது, எது என் வீடு என்று எனக்கொரு வழக்கு இருப்பதில் வியப்பில்லை.

நான் பிறந்த வீடு என் உம்மாவுடையது. லாத்தாவுக்குத் திருமணம் நடந்தபோது அது லாத்தாவுடையதாயிற்று. 1996ஆம் ஆண்டு எனக்கு மணமாகி, இரண்டு தெரு தள்ளியிருந்த மனைவி வீட்டுக்குப் போனேன். மணமகளை வழியனுப்பும்போது பெற்றோர் கண்ணீர் வடிக்கும் காட்சி எங்கள் ஊர்த் திருமணங்களில் இல்லை. அழுபவர் எவரேனும் இருந்தால் அவர் மாப்பிள்ளையின் உம்மாவாகத்தான் இருப்பார். என் உம்மாவும் அழுதார். இரண்டு தெருவுக்கு இவ்வளவு அழுகையா என்று நான் கேட்டதற்கு, "நீ பக்கத்துல இருந்தாலும் இனி விருந்தாளிதானே!" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்பது விரைவிலேயே விளங்கிற்று. மனைவி வீட்டு முன்கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அது மாப்பிள்ளைக்கு உரியது. அதில் நான் அமர்ந்தால் மின்விசிறி தானாகச் சுழலும். தண்ணீர் தானாக வரும். ஆனால் அதிலிருந்து எழுந்து, ஒரு குவளையை நானே எடுத்தாலும் வீடு முழுவதும் பதறும். "மாப்பிள்ளைக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்று மாமியின் குரல் கேட்கும். மரியாதை என்பது உட்கார்ந்த இடத்திலேயே ஒருவனைக் கட்டிப்போடும் கயிறு என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றேன்.

ஆதலால் காலைப்பொழுதை உம்மாவிடம் கழிப்பது என் வழக்கமாயிற்று. சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கினால், வலப்புறம் மனைவி வீட்டுக்குச் செல்லும் வழி. இடப்புறம் உம்மா வீட்டுக்கு. ஊரில் இருந்த நாளெல்லாம் என் கால்கள் என்னைக் கேளாமலே இடப்புறம் திரும்பும். அங்கே எனக்கு நாற்காலி கிடையாது. அடுக்களை வாயிற்படியில் குந்தியிருந்து, உம்மா தரும் தேயிலையைக் குடிப்பேன். மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். உம்மா இரண்டு கரண்டி போடுவார். "டாக்டரு உன்னைப் பெத்தாரா?" என்பது அவருடைய வாதம்.

முடுக்கில் ஒரு விபத்து

எங்கள் ஊர்த் தெருக்களுக்கிடையே, வீடுகளின் பின்புறமாகக் குறுகிய சந்துகள் ஓடும். முடுக்கு என்போம். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீடுவிட்டு வீடு போய்வருவதற்கான வழி அது. ஊர்ச் செய்தி நாளேட்டை விட விரைவாக முடுக்கில் பயணம் செய்யும். நான் கிளம்பிய ரயில் விழுப்புரத்தைத் தாண்டுமுன் நான் எத்தனை கிலோ அல்வா வாங்கி வருகிறேன் என்பது அங்கே தெரிந்துவிடும் என்று சொன்னால் அது சிறிதே மிகை.

சென்னையில் ஓடியே பழகியவன் நான். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடி, கடற்கரை நிலையத்தில் இறங்கி ஓடி, மதிய உணவை ஏழு நிமிடத்தில் முடித்து ஓடிப் பழகிய கால்கள் ஊருக்கு வந்தாலும் ஓடும். ஒருமுறை லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று குறுக்கு வழியாக முடுக்கில் நுழைந்துவிட்டேன். கனைக்கவும் மறந்தேன். பாதி வழியில், தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு மூதாட்டி எதிர்ப்பட்டார்.

"யாரு பிள்ளை நீ?"

வாப்பா பெயரைச் சொன்னேன்.

"அவர் இந்த வழியில ஒரு நாளும் வந்ததில்லையே! மெட்ராசுல உங்களுக்கெல்லாம் தெருவே கிடையாதா?"

நான் திரும்பி நடந்தேன். தொழுதுவிட்டு வீடு சேர்ந்தபோது வாயிலில் என் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

விருந்திலும் இதே கதைதான். எங்கள் திருமண விருந்துகளில் சஹன் என்னும் பெருந்தட்டில் களரிக்கறியும் சோறும் வைத்து, இருவரோ மூவரோ சுற்றி அமர்ந்து உண்பர். சேர்ந்து உண்பவரின் வேகம் பார்த்து உண்பதே பண்பு. ஏழு நிமிடப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு விருந்தில் என் பக்கத்தை முடித்து, எல்லை தாண்டி எதிர்ப்பக்கத்துச் சோற்றிலும் கை வைத்துவிட்டேன். உடனிருந்த பெரியவர் தம் பங்குக் கறித்துண்டையும் என் பக்கமாக நகர்த்தி, "சாப்பிடும்மா, பட்டணத்துல சோறு கிடைக்கிறதில்ல போலிருக்கு" என்றார். அந்த அன்பைப் போல் என்னை வெட்கப்படுத்திய அதட்டல் வேறில்லை.

மாடிக் கணக்கு

எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கொரு வீடு வேண்டுமே! மனைவி வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்புவதென்று முடிவாயிற்று. பத்தாண்டுச் சேமிப்பு சிமெண்டாகவும் கம்பியாகவும் மேலேறிற்று. 2021இல் மகளுக்குத் திருமணம் நடந்தது. மருமகன் பெட்டியோடு வந்தார். சாய்வு நாற்காலி, ஒரு சொல்லும் இல்லாமல், என்னிடமிருந்து அவருக்குக் கைமாறிற்று. நான் திண்ணைக்குப் பதவி உயர்வு பெற்றேன்.

கணக்கன் அல்லவா? ஒரு நாள் இரவு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். பிறந்த வீடு லாத்தாவுக்கு. வாழும் வீடு மனைவிக்கு. கட்டிய மாடி மகளுக்கு. செலவுப் பக்கம் நிரம்பி வழிந்தது. சொத்துப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

இதை வேடிக்கையாகச் சொல்ல என்னால் முடிகின்றது. எனக்கு ஒரே மகள். மூன்று பெண்மக்களைப் பெற்ற நண்பர் ஒருவர் வளைகுடா நாட்டில் 22 ஆண்டுகள் உழைத்தார். மூன்றாம் வீட்டின் கூரை முடிவதற்குள் அவர் தலை முழுதும் நரைத்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்ததை அவர் புகைப்படத்தில்தான் பார்த்தார். அவரிடம் இவ்வழக்கத்தின் பெருமையைப் பேச எனக்குத் துணிவில்லை. அதே சமயம், கணவனை இழந்த நிலையிலும் தலைக்கு மேல் கூரையோடு, யாரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்த பெண்களையும் இதே தெருக்களில் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வழக்கத்தின் பற்றும் வரவும்தான்.

வெள்ளம் வந்த இரவு

2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றதால், சென்னை நோக்கிப் புறப்பட்ட இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. சென்னையில் இருந்த நான் தொலைபேசியை அழுத்திக்கொண்டே இருந்தேன். எந்த எண்ணும் கிடைக்கவில்லை.

தொடர்பு கிடைத்தபோது மனைவிதான் பேசினாள். தெருவில் இடுப்பளவு நீர் வந்ததாம். உம்மா வீடு தாழ்வான தரைவீடு. இருட்டில் மருமகனும் அண்டைவீட்டு இளைஞர்களும் போய், உம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, லாத்தா குடும்பத்தையும் சேர்த்து எங்கள் மாடியில் ஏற்றிவிட்டார்களாம். எந்த நாற்காலி என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குரிய அதே சாய்வு நாற்காலிதான்.

நான்கு இரவுகள் உம்மா அந்த மாடியில் உறங்கினார். செலவுப் பக்கத்தில் நான் எழுதிவைத்த மாடியில்!

நீர் வடிந்து நான் ஊர் போய்ச் சேர்ந்ததும், மகள் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். அன்றிரவு லாத்தாவின் எண்ணுக்கு 14 அழைப்புகள். மனைவியின் எண்ணுக்கு 11.

"கணக்கப்பிள்ளை, மூணு குறையுதே!" என்றாள் மனைவி.

நான் வாயடைத்து நின்றேன். உள்ளேயிருந்து உம்மாதான் எனக்காக வாதாடினார்: "அவளுக்கு மாடி இருக்கு, எனக்கு இல்லைன்னு அவனுக்குத் தெரியும் பிள்ளை!"

இம்முறை

உம்மா 2024இல் இறைவனடி சேர்ந்தார். நாசரேத்துக்காரரிடம் இதையும் சொன்னேன். விடியற்காலையில் தம் நிலையத்தில் இறங்குமுன் அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்போ பாய், இந்தத் தடவை ரெண்டு வீடா, ஒரு வீடா?" என்று கேட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது.

அன்று முழுவதும் நான் மனைவி வீட்டைவிட்டு அதிகம் வெளியேறவில்லை. லாத்தாவைப் போய்ப் பார்க்க வேண்டும். மாலையில் போகலாம் என்றேன். மாலை வந்ததும் நாளை என்றேன். உம்மா இல்லாத அடுக்களை வாயிற்படியைப் பார்க்க மனம் துணியவில்லை என்பதே உண்மை. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டுப் படியிறங்கினேன். கால்கள் இடப்புறம் திரும்பின. அவற்றைத் தடுத்து, வலப்புறம் திருப்பி, நேரே மனைவி வீட்டுக்கு நடந்தேன்.

வாயிலில் மனைவி வழிமறித்து நின்றாள்.

"இங்கே எதுக்கு வந்தீங்க? லாத்தா நேத்துலயிருந்து முடுக்கு வழியா மூணு தடவை ஆள் அனுப்பிட்டாங்க. போங்க, தேயிலை ஆறிப்போகுது."

போனேன். லாத்தா கதவைத் திறந்தே வைத்திருந்தார். என்னைக் கண்டதும் திட்டத் தொடங்கினார். ஊருக்கு வந்து ஒரு நாள் முழுதாய் ஆகியும் வரவில்லையென்று, உடம்பு இளைத்துவிட்டதென்று, சட்டைக் காலர் கிழிந்திருக்கிறதென்று, இடைவெளியில்லாமல் திட்டினார். முன்கூடத்தில் மச்சானின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரும் என்னை அதில் உட்காரச் சொல்லவில்லை. நான் அடுக்களை வாயிற்படியில் குந்தினேன். லாத்தா தேயிலையைக் கையில் தந்தார். தட்டில் இரண்டு வாடாவும் வைத்தார்.

ஒரு வாய் குடித்தேன். இரண்டு கரண்டிச் சர்க்கரை.

"டாக்டர்..." என்று தொடங்கினேன்.

"குடிடா!" என்றார் லாத்தா.