சுவிட்ச் எங்கே சுவாமி?

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் வீட்டு மிக்ஸி செத்துப் போனது. வடைக்கு உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. 'உர்ர்' என்று ஒரு முனகல், அப்புறம் மயான அமைதி. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். வேறு சுவிட்சில் போட்டேன். தலையில் இரண்டு தட்டு தட்டினேன் (மிக்ஸியின் தலையில்தான்). ம்ஹூம். துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே உட்காரவைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனேன்.

கடைக்காரர் மிக்ஸியை வாங்கினார். குப்புறக் கவிழ்த்தார். கட்டைவிரலால் எதையோ 'டிக்'கென்று அமுக்கினார். நிமிர்த்தினார். ஓடியது.

"நூத்தம்பது ரூபா சார்."

"எதுக்கு?"

"சர்வீஸ் சார்ஜ்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மிக்ஸியின் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டிச் சிவப்பு பட்டன் இருக்கிறது. ஜாரில் மாவு இறுகி, மோட்டார் திணறி, அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அது தானாகவே வெளியே துருத்திக்கொண்டு கரண்டை நிறுத்திவிடும். காயில் கருகாமல் காப்பாற்றுகிற புண்ணியவான். மாவைக் கொஞ்சம் குறைத்து, சில நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் போதும். வீட்டுக்கு வந்து இந்த ஞானத்தை மனைவியிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே. நீங்க கேக்கலையே, துண்டை எடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க."

அந்தச் சிவப்பு பட்டன் ஒளிந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படுகிற சமாசாரம். மூஞ்சியில் இருந்தால் போகிற வருகிற கையெல்லாம் படும். தினம் தினம் வேண்டியதை ஒளித்து வைக்கிறார்களே, அதுதான் பிரச்னை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, தன் கையால் முதல் டிகாக்‌ஷனில் ஒரு காபி போட்டுக் குடிப்பாள். சமையலறையில் விளக்குகூடப் போட மாட்டாள். காஸ் அடுப்பின் திருகு எங்கே என்று கைக்குத் தெரியும். அமுக்கித் திருப்பினால் முதலில் பெரிய ஜ்வாலை, கடைசி வரை திருப்பினால் சிம். சிம்மை ஏன் அந்தக் கோடியில் வைத்தான் என்று நீங்கள் யோசித்ததுண்டா? தணிக்கப் போய் அணைத்துவிடாமல் இருக்கத்தான். மீதியை நீல நிறமும் 'உஸ்' சத்தமும் சொல்லிவிடும்.

ஒருநாள் பால் பொங்கி வழிந்து ஜ்வாலை அணைந்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. சமையல் காஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் பிடித்த மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு ஜலதோஷம், எந்த வாசனையும் தெரியவில்லை. நல்லவேளை, மனைவி எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தாள்.

அன்று சாயங்காலமே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். நெருப்பு இல்லை. பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும். "இனிமே நீ காஸ் பக்கமே போகாதேம்மா" என்று சொல்லி, லைட்டரை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தேன். பொறுப்புள்ள பிள்ளை!

அழுத்துகிற பட்டன் வைத்த மாடலும் கடையில் இருந்தது. நான்தான் சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்து 'டச்' மாடல் எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில், இங்கிலீஷில். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்புலத்தை விரல் லேசாக மாற்றுவதை வைத்துத்தான் அது தொடுகையைத் தெரிந்துகொள்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே குழம்பும். சமையலறையில் ஈரமில்லாத கை யாருக்கு இருக்கிறது?

இரண்டு வாரம் போயிருக்கும். "காலைல காபி வேண்டாம்டா, நெஞ்சைக் கரிக்குது" என்றாள் அம்மா. நம்பினேன். போனில் மாமாவிடம், "அம்மா காபியையே விட்டுட்டா" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி ஐந்து பத்து. சமையலறையில் டியூப்லைட் எரிந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புப் பலகை மேல் குனிந்து, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பால் பாத்திரம். 'எல்' என்று ஓர் எழுத்து மின்னியது. முந்தின ராத்திரி துடைத்தபோது துணி பட்டு 'சைல்டு லாக்' விழுந்திருக்கிறது. மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் திறக்கும். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. குழந்தைகளுக்கான பூட்டு. எங்கள் எட்டு வயசுப் பெண் சர்வசாதாரணமாகத் திறப்பாள். மாட்டிக்கொண்டது பாட்டி.

"என்னை எழுப்பியிருக்கலாமேம்மா?"

"ஒரு காபிக்காகவா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எழுத்து தெரியலைன்னு சொன்னா, இதையும் எடுத்து மேல வெச்சுடுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாக்கை எடுத்துவிட்டுப் பாலைக் காய்ச்சினேன்.

டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் ஒரு புத்தகம் போட்டார். நாலு பர்னரைச் சதுரமாக வைத்துவிட்டுத் திருகுகளை மட்டும் வரிசையாக வைத்தால், எது எதற்கு என்று எவனுக்குத் தெரியும் என்று அதில் கேட்டிருக்கிறார். பாவம், அவருக்கு வந்த சந்தேகம் 'எந்தத் திருகு' என்றுதான். எங்களுக்கு 'திருகு எங்கே' என்பதே சந்தேகம். கார்க்காரர்கள் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப், 2026-லிருந்து ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர் மாதிரி விஷயங்களுக்குத் தனி சுவிட்ச் வைக்காத கார்களுக்கு மார்க்கைக் குறைக்கிறது. அடுப்புக்கு மார்க் போட ஆளில்லை.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய மெரூன் பொட்டு ஒன்றை 'ஆன்' மேல் ஒட்டினாள். கூட்டக் குறைக்க இரண்டு சின்னப் பொட்டு. வெல்வெட் மாதிரி இருப்பதால் இருட்டில் விரலுக்குத் தெரிகிறது. பொட்டின் மேல் தொட்டாலும் அடுப்பு கேட்கிறது. லாக் இருக்கும் இடத்துக்கு வேண்டுமென்றே ஒன்றும் வைக்கவில்லை. நாலாம் நாள் வேலைக்கார அம்மா அழுக்கென்று நினைத்து நார் போட்டுச் சுத்தமாகத் தேய்த்துவிட்டார். இப்போது ஒரு பொட்டு அட்டை கடுகு டப்பா பக்கத்திலேயே நிரந்தரமாக இருக்கிறது.

லைட்டரையும் கீழே இறக்கிவிட்டேன். ஜ்வாலை அணைந்தால் காஸைத் தானே மூடிவிடும் அடுப்பு வந்திருக்கிறதாமே என்று கடையில் போய்க் கேட்டேன். காட்டினார்கள். நல்ல கெட்டியான திருகு. விலையைக் கேட்டு நான் தலையைச் சொறிந்தபோது, "இதுலயே டச் மாடலும் இருக்கு சார்" என்றான் விற்பனைப் பையன்.

அம்மா மறுபடியும் ஐந்து மணிக்குக் காபி போடுகிறாள். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து எழுப்பிக் கொடுக்கிறாள். ஏழு மணி வரை தூங்குகிற ஜாதி நான். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறேன், தூக்கம் வருவதில்லை.