நகையின் நான்கு கட்டங்கள்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார் தொல்காப்பியர். அது பிறக்கும் களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் சுட்டினார். திருவண்ணாமலையில் மாணவராயிருந்த நாள்களில் இவற்றை மனப்பாடம் செய்திருந்தோமேயன்றிப் பொருளுணர்ந்தோமில்லை. உணரச் செய்தது எங்கள் கையெழுத்து ஏடு.

நண்பர் மூவர் சேர்ந்து அவ்வேட்டை நடத்தினோம். கடைசிப் பக்கத்தில் சிரிப்புப் படத்தொடர் வரைய வேண்டுமென்பது எங்கள் வேட்கை. ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த, சொல்லில்லாச் சிரிப்புப் படங்களே எங்களுக்குப் பாடநூல். முதற்கட்டத்தில் இடமும் ஆளும் விளங்க வேண்டும். இரண்டாவதில் செயல் தொடங்க வேண்டும். மூன்றாவதில் பார்ப்பவர் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். நான்காவது அதைக் கவிழ்க்க வேண்டும். உரையாடலுக்குரிய இடத்தை ஒதுக்கிய பின்னரே உருவங்களை வரைய வேண்டும் என்பதைப் பல தாள்களைக் கிழித்தெறிந்த பிறகே கற்றோம்.

வரைய ஆள் தேடியபோது, கோபுர வாயிலருகே காலணி காக்கும் பெரியவர் கண்ணிற்பட்டார். அவருக்குத் திக்குவாய். அதையே நான்கு கட்டங்களாக்கினோம். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அப்பெருமிதத்தோடு அவரிடமே கொண்டுபோய்க் காட்டினோம்.

நெடுநேரம் பார்த்தார். "தம்பிகளா, நான் திக்கறதை வரைஞ்சிட்டீங்க. அதைக் கேட்டுச் சிரிச்சவங்க மூஞ்சியை ஏன் வரையலை?" என்றார். அவர் திக்கித் திக்கியே கேட்டார். அதை எழுத்தில் காட்ட இன்றும் எங்களுக்கு மனமில்லை.

தலைகுனிந்து எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் சென்றோம். இசுலாமியரான அப்பெருந்தகை, பிறரை இழிவாக நகைத்தலைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் விலக்குவதை எடுத்துரைத்தார். 1906இல் தோன்றிய 'இந்தியா' இதழில் பாரதியார் வெளியிட்ட கருத்துப்படங்கள் அந்நிய ஆட்சியை எள்ளியதை நினைவூட்டினார். பிறகு, தொல்காப்பியத்திற்குப் பேராசிரியர் வரைந்த உரையைப் பிரித்துக் காட்டினார். நகை பிறரிடத்து மட்டுமன்றித் தன்னிடத்தும் தோன்றும் என்பது அவ்வுரை. "உங்கள் பேதைமையை வரையுங்கள், பஞ்சமே வராது" என்று முறுவலித்தார்.

மீண்டும் வரைந்தோம். முதற்கட்டத்தில் நாங்கள் மூவரும், "எங்கள் செருப்பு எங்களுக்குத் தெரியாதா? சீட்டு எதற்கு?" என்று பெருமை பேசுகிறோம். இரண்டாவதில், பௌர்ணமிக் கூட்டத்தோடு 14 கிலோமீட்டர் மலைசுற்றுகிறோம். மூன்றாவதில், மலைபோற் குவிந்த செருப்புகளின்முன் நின்று, ஒருவர் செருப்பை மற்றவர் மாட்டிக்கொண்டு சண்டையிடுகிறோம். நான்காவதில், பெரியவர் மூன்று இணைகளையும் சரியாக எடுத்து வைக்கிறார். அக்கட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

பெரியவரிடம் அஞ்சியபடியே காட்டினோம். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நான்காம் கட்டத்தில் விரல் வைத்து, "காசு குடுக்காமப் போறீங்களே, அதையும் வரைங்க" என்றார்.

நாங்கள் வரைய மறந்த ஐந்தாம் கட்டம் அது.