சிறிய எண்

ஓட்டு எண்ணுகிறவனுக்கு இரண்டு எண்கள் கிடைத்தால் போதும். கதை எழுதுகிறவனுக்குப் போதாது. சிறிய எண்ணுக்குள் இருக்கிறவர்கள் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிட்டார்களா என்று அவன் மனம் அலையும். தொழிற்கோளாறு!

அமெரிக்காவில் பெர்க்லி என்னும் ஊரில் பெரிய சர்வகலாசாலை ஒன்று இருக்கிறது. 2010 மார்ச்சில் அங்கே மாணவர் செனட் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக், யுனைடெட் டெக்னாலஜீஸ் என்ற இரண்டு கம்பெனிகள் அப்போது இஸ்ரேல் ராணுவத்துக்குத் தளவாடம் தந்துவந்தன. அவற்றில் போட்டிருக்கும் பணத்தைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவு 16, எதிர்ப்பு 4. மாணவர் தலைவர் அதை ரத்துச் செய்தார். ஏப்ரலில் மறுபடி கூடினார்கள். ராத்திரி தொடங்கின விவாதம் மறுநாள் பொழுது விடிந்த பிறகுதான் ஓய்ந்தது. கடைசியில், ரத்தை நீக்கத் தேவையான ஓட்டுகள் சேரவில்லை.

பணத்தை விலக்குவது பழைய ஆயுதம், நல்ல ஆயுதமுங்கூட. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து 1946-லேயே வியாபார உறவை முறித்துக்கொண்ட நாடு இந்தியா. இதே கலிபோர்னியா சர்வகலாசாலை, மாணவர் கிளர்ச்சிக்குப் பின், 1986-ல் அந்த நாட்டோடு தொடர்புள்ள சுமார் 300 கோடி டாலர் முதலீட்டைக் கைவிடத் தீர்மானித்தது.

ஆனால் 2010-ல் அந்த மண்டபத்தில் யூத மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு இஸ்ரேல் என்பது கம்பெனிப் பங்கு அல்ல. உலகமே கதவைச் சாத்தியபோது உறவினர் ஓடி ஒதுங்கிய திண்ணை. எதிரே இருந்த பாலஸ்தீன மாணவனுக்கோ, அந்தத் திண்ணை தன் பாட்டன் வீட்டுத் திண்ணை. இரண்டு பேரும் சொல்வது பொய்யல்ல. அதுதான் சங்கடம். யூதர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு தீர்மானத்தை எதிர்த்தது. சமாதானத்துக்கான யூதக் குரல் என்ற இன்னொரு யூத அமைப்பு ஆதரித்தது. 'யூதர்கள்' என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவது நமக்குத்தான் சௌகரியம்.

நெடுங்காட்டில் இருப்பவனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த கொம்யூன். அவ்வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டளித்தார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' குடும்பங்கள் அவர்களில் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் தகப்பனாரும் எழுதிக் கொடுத்தவர். பென்ஷனுக்காகவா என்று ஒருமுறை கேட்டேன். "பென்ஷன் வந்துது, இல்லேங்கலே தம்பி. ஆனா, கூட நின்னு செத்தவங்களை விட்டுட்டு எப்படிம்மா வர்றதுன்னுதான் அப்பா சொல்லுவாரு" என்றாள்.

நான் 170-ன் பக்கம். அந்த முடிவு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்தக் கிழவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜெயித்தவர்கள் அவருக்கு ஆறு மாத அவகாசமும் அதே தெருவில் வாழ இடமும் கொடுத்தார்கள். ஜெயித்த ஓட்டுக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

கல்லூரியின் பணம் எங்கே போகிறது என்று கேட்க மாணவனுக்கு உரிமை உண்டு. 'எங்கள் மனம் புண்படுகிறது' என்பது மட்டும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. அதே சமயம், ஓர் அரசாங்கம் செய்கிற காரியத்துக்கு, அதன் மதத்தில் பிறந்த குற்றத்துக்காகப் பக்கத்து அறைப் பையனைக் கணக்குக் கேட்பதும் நியாயமாகாது. தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுங்கள்; எதிர்த்தும் போடுங்கள். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கு உங்கள் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, அந்த ஓட்டின் கௌரவம்.